அடுப்பு மேட்டு மருந்து

எங்க தேயிலைத் தோட்டத்து சூசைரட்ணம் கிளாக்கர் பெரிய மனுசனாம். த்தூ! மனுசனா அவன்?

மழக்காலம் பூரா அவன் வீட்டுக்கு வெறகு சொமந்து, அதுக்கு ஈடா ஒரு அல்சேசன் நாய்க்குட்டி வாங்குனேன். நான் கொழுந்து பறிக்கப் போனா லயத்து வீட்டுல தனியாக் கெடக்குற எம்மக நாகலெட்சுமிக்காகத்தான். குடுக்கும்போது நெஞ்ச நிமித்திக்கிட்டுச் சொன்னான்: "ஊசி போட்ட குட்டி, அம்மாக்கண்ணு. கந்தப்பளப் பனி மருந்துல பட்டுறக் கூடாதுன்னு போத்தல அடுப்பு மேட்டுலயே வச்சிருந்து போட்டேன்." நானும் தலையாட்டுனேன். பனிக்காலத்துல எங்க உப்பும் நெருப்புப்பெட்டியும்கூட அங்கதானே இருக்கு.

ஒரு வாரம் போகல. வாந்தி, ரெத்த பேதி. நுவரெலியா மிருக டாக்டருக்கிட்ட தூக்கிக்கிட்டு ஓடுனேன். அடுப்பு மேடுன்னதும் அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு. "இது புதுசாப் பரவுற நோய். அந்த மருந்த ஐஸ் பெட்டியில வைக்கணும். சூட்டுல வச்சா வெறுந்தண்ணிதான். மத்த குட்டிகள யாருக்கும் குடுக்க வேணாமுன்னு சொல்லு."

குட்டி எம்மக மடியிலயே செத்துச்சு. அதுக்கப்புறம் அவ சோத்துல கைய வைக்கல.

நேரா கிளாக்கர் வாசலுக்குப் போனேன். டாக்டர் சொன்னதச் சொன்னேன்.

"லயத்துக் கருவாட்டப் போட்டுக் கொன்னுட்டு எங்கிட்டயா வர்றே? அடுப்பு மேட்டுல வச்சேன்னு எவ சொன்னா?"

"நீங்கதானே வச்சீங்க!" உள்ள இருந்து அவன் பொஞ்சாதி பெற்றீசியா. "போத்தல்ல படிஞ்ச சாம்பல நாந்தானே தொடச்சேன்."

"வாய மூடுடி!" எம்பக்கம் திரும்புனான். "நாளைக்கு வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்கு வருவேல்ல, வா. அரப்பேருதான் ஒனக்கு."

"அரக் கூலிதானே, போட்டுக்குங்க. மத்த குட்டிகளக் குடுக்காதீங்க."

ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. ஒடனே கொரலத் தாழ்த்திக்கிட்டான். இன்னொரு குட்டியத் தூக்கி எங்கையில திணிச்சான். "இந்தா, இத வச்சுக்கிட்டு வாயப் பொத்திக்கிட்டுப் போ."

வெதுவெதுன்னு இருந்துச்சு. எங்கழுத்த நக்குச்சு. கொண்டு போனா எம்மக இன்னிக்குச் சாப்புடுவா. பாவி, எங்க அடிக்கணுமுன்னு தெரிஞ்சு வச்சிருக்கான்!

அந்த நேரம் அவன் மக டோரீன் ஓடியாந்து கைய நீட்டுனா. "அப்பா, இதயாச்சும் எனக்குக் குடுங்கப்பா. நான் வளக்குறேன்."

வெடுக்குன்னு அவ கையத் தட்டிவிட்டான். "வேணாம். இதுவும் செத்துப்போச்சுன்னா நீ அழுவே."

குட்டிய அவன் காலடியில எறக்கி விட்டேன்.

"அப்ப எம்மக அழுதா பரவாயில்லையாங்கய்யா?"