பதினேழாம் ஆலையின் இருபது நிமிடங்கள்

மாலை சரியாக நான்கு பத்துக்குப் பதினேழாம் காற்றாலை தானாக நின்றது. காற்று குறையவில்லை; பதினாறும் பதினெட்டும் சுற்றிக்கொண்டுதான் இருந்தன. இருபது நிமிடம் கழித்து, எதுவுமே நடக்காததுபோல் அதுவும் சுற்றத் தொடங்கியது. மூன்று வாரமாகத் தினமும் இதே கூத்து.

முன்பு இந்தக் கட்டுப்பாட்டு அறையில் எட்டுப் பேர் இருந்தோம். இப்போது நானும் என் டீ பிளாஸ்கும்தான். எந்த ஆலை எப்போது எவ்வளவு சுற்ற வேண்டும் என்பதைப் புதிய கணினி முடிவு செய்கிறது. எங்கள் பழைய பதிவுகளைப் படித்தே அது தொழில் கற்றுக்கொண்டது. என்னைவிடப் பொறுப்பானது, லீவு கேட்காது.

தலைமை அலுவலகத்துப் பொறியாளர் மறுநாள் காலையிலேயே போனில் பிடித்துக்கொண்டார்.

"அது ஊரே சுவிட்சைப் போடுற நேரம் சார். அந்த இருபது நிமிஷத்துக்கு வேற எங்கேயோ நிலக்கரி எரிக்க வேண்டியிருக்கு. பழைய பதிவுல தினமும் 'பரிசோதனை'ன்னு இருக்கே, அது என்ன?"

"தெரியல மேடம். அந்தக் காலத்துப் பழக்கம்."

"அப்போ அதையெல்லாம் அழிச்சிடுங்க. இல்லன்னா விசாரணைக்கு ஆள் வரும்."

பரிசோதனையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அந்த ஆலைக்குக் கிழக்கே என் அக்கா வீடு. வெயில் சாயும்போது இறக்கைகளின் நிழல் ஜன்னல் வழியே வந்து அவள் அறைச் சுவரில் ஓடும். படுத்த படுக்கையாகக் கிடப்பவளுக்கு அதைப் பார்த்தால் தலைசுற்றி வாந்தி வரும். ஜன்னலை மூடினால் மூச்சு முட்டும். அவள் கணவர், அந்த ஆலையைப் பராமரித்தவர், எனக்கு போன் செய்வார். "மாப்ள, நிறுத்துடா. உங்கக்கா கொஞ்சம் தூங்கட்டும்." நான் நிறுத்துவேன். காரணம் என்ற கட்டத்தில் 'பரிசோதனை' என்று போடுவேன். எட்டு வருடம் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

மாமா இறந்த வாரம்தான் கணினி பொறுப்பேற்றது. அக்கா அழவில்லை. மறுநாளும் ஆலை நேரத்துக்கு நின்றபோது, "உங்க மாமா மறக்கல பாத்தியா" என்று மட்டும் சொன்னாள். அந்த இருபது நிமிடம்தான் இப்போது அவளுடைய தூக்கம்.

மத்தியானம் எல்லாவற்றையும் அழித்தேன். 'பதினேழு: இன்று நிறுத்தம் இல்லை' என்று திரை காட்டியது. வேலை போய்விடுமே என்ற பயத்தில் செய்தேன், வெட்கமாகத்தான் இருந்தது. அவளிடம் நேரில் சொல்ல, அறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

"அக்கா, இன்னைக்கு அது நிக்காது. தினமும் நிறுத்தினது மாமா இல்லக்கா, மெஷினு. நான் எழுதின பொய்ய அது நம்பிடுச்சு. எல்லாத்தையும் அழிச்சிட்டேன்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"நீ எழுதினத நீ அழிச்ச. சரி. அவரு நிறுத்துறத நீ எப்படிடா அழிப்ப?"

நிழல் வந்தது. சுவரில், கட்டிலில், அவள் முகத்தில் ஓடியது. பல்லைக் கடித்துக் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். ஜன்னலை மூட எழுந்தேன்.

"மூடாத."

நிழலின் வேகம் குறைந்தது. இன்னும் குறைந்தது. நின்றது. வெளியே மரங்கள் காற்றில் வளைந்துகொண்டிருந்தன.

போன் அடித்தது.

"யார் சார் நிறுத்தினது? நீங்க ரூம்லதான் இருக்கீங்களா?"

"இல்ல மேடம்."

"பின்ன யாரு? காரணத்துல 'பரிசோதனை'ன்னு இப்பத்தான் விழுந்திருக்கு."

பதில் சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். அக்கா தூங்கிவிட்டிருந்தாள். அவள் வலது கை சுவரில், அசையாமல் நின்ற அந்த நிழலின் மேல் இருந்தது.