பதினோரு மாகாணங்கள்

“காவேரி எங்க பொறக்குது?”

“கொடகுல.”

“தாஜ்மகால் எந்த ஆத்தங்கரையில இருக்கு?”

“யமுனை.”

செல்லாயி கேட்டுக்கொண்டே நடந்தாள். அவள் புருஷன் பரஞ்சோதி நாலடி பின்னால் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். வழக்கமாக அவன்தான் முன்னால் போவான். அன்று தோட்டத்தை விட்டுக் கிளம்பியதிலிருந்தே அவன் பின்தங்கி வந்ததை அவள் யோசிக்கவில்லை. கேள்விகளின் வரிசை தப்பிவிடக் கூடாது என்பதிலேயே அவள் மனம் இருந்தது.

மொத்தம் நூற்றிருபது கேள்விகள். சுங்கை பட்டாணியில் இந்தியச் சங்கத்து அலுவலகத்துக்குக் கணக்கெழுதும் கிராணி வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து பரஞ்சோதி அவற்றைப் படித்துக்கொண்டிருந்தான். அவனுடைய கூட்டாளி ஜூலியஸ் டவுனில் ஒரு சைக்கிள் கடையில் வேலை செய்தான். போன தடவை பரீட்சை எழுதியவர்களைத் தேடிப் பிடித்து, கேட்கப்பட்டதையெல்லாம் கேட்டு வந்து சொன்னவன் அவன்தான். பொது அறிவு என்றார்கள். எல்லாம் இந்தியாவைப் பற்றியது. நடுநடுவே ஜப்பானைப் பற்றியும் கொஞ்சம். யுத்தத்தில் கடதாசி கிடைக்காத காலம். காலையில் ஆள் பேர் எடுக்கிற பழைய பிரட்டுப் புத்தகத்தின் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தான். செல்லாயிக்கு எழுத்து தெரியாது. இரண்டு மாதமாக அவன் சத்தம் போட்டுப் படித்ததைக் கேட்டே அத்தனையும் அவளுக்கு மனப்பாடமாகிவிட்டது. அடுப்பு ஊதும்போதும், மரவள்ளித் தோலை உரிக்கும்போதும் அவள் கேட்பாள், அவன் சொல்வான். இரண்டு பேருமே இந்தியாவைப் பார்த்ததில்லை. இருவரும் சிடாம் கிரிப் பக்கத்துத் ரப்பர் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்கள்.

தேறினால் மாதம் ஒரு மூட்டை அரிசி என்று சொன்னார்கள். அதற்காக மட்டும் அவன் படிக்கவில்லை. ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சித்திரையில் இரண்டு லாரி, வைகாசியில் ஒரு லாரி. அந்தத் தோட்டத்திலிருந்து போன நாற்பத்து மூன்று பேரில் ஒருவனும் திரும்பவில்லை. ஒரு கடிதமும் வரவில்லை. பரீட்சைக்குப் பேர் கொடுத்தவனை முடிவு தெரியும்வரை லாரியில் ஏற்ற மாட்டார்கள். பரஞ்சோதியின் பேர் அப்படித்தான் ஆனி மாதப் பட்டியலிலிருந்து தப்பியது.

பரீட்சை ஜப்பான் மணிக்குப் பதினொன்று. பழைய மணிக்கு ஒன்பதரை. டவுன் ஒன்பது மைல். டவுனுக்கு இன்னும் ஆறு மைல் இருக்கும் ஆறாங்கட்டைக்கு வந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. அங்கே ஒரு சின்னப் பாலம் இருந்தது.

“கொஞ்சம் குந்திக்கிறேன் புள்ள,” என்று பரஞ்சோதி பாலத்துச் சுவரில் உட்கார்ந்தான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிவிட்டான். இரண்டு கால்களும் பளபளவென்று வீங்கியிருந்தன. வீக்கம் ஒரு மாதமாகவே இருந்தது. தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர் அமுக்கிப் பார்த்து, விரல் பதிந்த குழி மேலே வராததைக் கண்டு, தவிடு கிடைத்தால் கரைத்துக் குடி என்று சொல்லியிருந்தார். அந்தத் தோட்டத்தில் பாதிப் பேருக்குக் கால் அப்படித்தான் இருந்தது. அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செல்லாயி தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். அவன் ஒரு மடக்குக் குடித்தான்.

“வெள்ளைக்காரன் இந்தியாவ எத்தன மாகாணமா வச்சிருக்கான்?”

“பதினொண்ணு.”

“என்னென்ன?”

அவன் விரலை மடக்கத் தொடங்கினான். “மெட்ராஸ். பம்பாய். வங்காளம். ஐக்கிய மாகாணம்.”

கட்டைவிரல் மட்டும் மடங்காமல் நின்றது. செல்லாயி காத்திருந்தாள். இந்த இடத்தில் அவனுக்கு எப்போதும் கொஞ்சம் தடுக்கும்.

“பஞ்சாப்,” என்று எடுத்துக் கொடுத்தாள்.

அவன் வாயைத் திறந்தான். அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். மயக்கம் என்று நினைத்து அவள் தலையைத் தாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். போத்தலில் மிச்சமிருந்த தண்ணீரை முகத்தில் தெளித்தாள். கண் திறந்துதான் இருந்தது. அதில் விழுந்த தண்ணீருக்கு அது சிமிட்டவில்லை.

கொஞ்ச நேரத்தில் மாட்டு வண்டியில் மரவள்ளி ஏற்றிக்கொண்டு ஒரு மலாய்க்காரர் வந்தார். வயதானவர். வண்டியை நிறுத்தி இறங்கி, பரஞ்சோதியின் கழுத்தில் விரலை வைத்தார். பிறகு மூக்கருகே புறங்கையைப் பிடித்துப் பார்த்தார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார்.

“சுடா தாடா,” என்றார் மெதுவாக. இல்லை, போய்விட்டான் என்று.

செல்லாயிக்கு அந்த இரண்டு வார்த்தையும் நன்றாகத் தெரியும். கடையில் உப்பு இல்லை, சீனி இல்லை என்று தினமும் கேட்கிற வார்த்தைகள். அவள் அவரிடம் தமிழிலேயே, பரீட்சைக்கு நேரமாகிறது, இவரை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போக முடியுமா என்று கேட்டாள். அவருக்கு என்ன புரிந்ததோ, மரவள்ளிக் கட்டுகளை ஒரு பக்கமாக ஒதுக்கி இடம் செய்தார். வண்டியைத் தோட்டத்தின் பக்கமாகத் திருப்பினார்.

வண்டி ஆடி ஆடிப் போயிற்று. செல்லாயியின் வாய் அசைந்துகொண்டிருந்தது. பஞ்சாப், பீகார், மத்திய மாகாணம், அஸ்ஸாம். பதினொன்றும் முடிந்ததும் அடுத்த கேள்வியைக் கேட்டாள். கேட்டுவிட்டு, பதில் வர எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் விட்டாள். பிறகு அதற்கடுத்த கேள்வி.

லயத்து வாசலில் வண்டி நின்றபோது மாமனார் அய்யாவு மரவள்ளிக் கொல்லையில் இருந்தார். யாரோ போய்ச் சொல்ல, கையில் மண்ணோடு ஓடி வந்தார். பெரிய மகனின் முகத்தைத் தொடப் போனவர், கையைப் பார்த்துவிட்டு, வேட்டியில் நன்றாகத் துடைத்துக்கொண்டு பிறகுதான் தொட்டார். சின்ன மகன் மணியம் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இருபது வயது. பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள். செல்லாயியைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவள் அழவில்லை. அவர்கள் இழுத்த பக்கமெல்லாம் சாய்ந்தாள். கண்ணீர் வராவிட்டால் நெஞ்சில் தங்கிவிடும் என்று ஒருத்தி அவள் முதுகில் அறைந்துகூடப் பார்த்தாள்.

கோடித் துணிக்கு வழியில்லை. அந்த வருஷம் தோட்டத்தில் யாரிடமும் புதுத்துணி இல்லை. அவனைக் குளிப்பாட்டி, பரீட்சைக்கென்று துவைத்துப் போட்டிருந்த சட்டையையே மறுபடி போட்டுக் கிடத்தி, ஒரு மெங்குவாங் ஓலைப் பாயில் சுருட்டினார்கள். பாயைக் கட்டுவதற்கு முன்னால் பக்கத்து வீட்டு இராசாத்தி, குளிப்பாட்டும்போது அவன் கால்சட்டைப் பையிலிருந்து விழுந்த தாள் கட்டை எடுத்து அவன் நெஞ்சின்மேல் வைத்தாள். ராவும் பகலும் அதையே கட்டிக்கொண்டு கிடந்தானே, கூடவே போகட்டும் என்றாள். செல்லாயி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

மணியம் கொள்ளிக்குடம் உடைத்தான். லயத்துக்குப் பின்னாலிருந்த மேட்டில் புதைத்துவிட்டு ஆண்கள் திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. பரீட்சைக்கு ஏன் வரவில்லை என்று பார்க்க டவுனிலிருந்து சைக்கிள் மிதித்து வந்த ஜூலியஸ், மண் போடும் நேரத்துக்குத்தான் வந்து சேர்ந்தான்.

எல்லாரும் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். கங்காணி முனியாண்டி மட்டும் உட்காரவில்லை. நின்றுகொண்டே துண்டை முறுக்கிக்கொண்டிருந்தார்.

“அய்யாவு அண்ணே,” என்றார். “இத இப்பச் சொல்லக் கூடாது. சொல்லாம இருந்தா எனக்குப் பாவம். பெரியவன் பரீச்ச எழுதுறான்னுதான் ஒங்க வீட்ட விட்டு வச்சாங்க. இனி வீட்டுக்கு ஒரு ஆளுன்னா மணியம்தான். வெள்ளிக்கெழம லாரி வருது.”

அன்று புதன்.

அய்யாவு தலையை நிமிர்த்தவில்லை. கடைசியில் ஜூலியஸ்தான் தொண்டையைக் கனைத்தான்.

“நாளைக்கு இன்னொரு செட்டு எழுதுது லா. நேரத்துல போயி நின்னா பேரு சேத்துக்குவாங்க. எழுதி முடிச்சதும் சீட்டு குடுப்பாங்க. அது கையில இருந்தா லாரியில ஏத்த மாட்டாங்க.”

நாலாவதுக்கு மேல் தான் பள்ளிக்கூடம் போனதில்லையே என்றான் மணியம். தமிழ் எழுதத் தெரிந்தால் போதும், பொது அறிவு கொஞ்சமாவது எழுத வேண்டும், வெறும் தாளைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றான் ஜூலியஸ்.

“அண்ணன் எழுதி வச்ச காயிதம் இருக்குமே,” என்றான் மணியம்.

இராசாத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உடைந்து அழுதாள். என்ன நடந்தது என்று எல்லாருக்கும் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. மண்வெட்டி இன்னும் ஈர மண்ணோடு சுவரோரம் சாய்ந்திருந்தது. முனியாண்டி அதைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார்.

“காவேரி எங்க பொறக்குது?”

குரல் எங்கிருந்து வந்தது என்று எல்லாரும் திரும்பினார்கள். வண்டியிலிருந்து இறங்கியதிலிருந்து பேசாமல் மூலையில் கிடந்த செல்லாயி எழுந்து உட்கார்ந்திருந்தாள். மணியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியாது, அண்ணி.”

“கொடகுல. சொல்லு.”

“கொடகுல.”

“தாஜ்மகால் எந்த ஆத்தங்கரையில இருக்கு?”

இது பைத்தியத்துக்கு முதல் அடையாளம் என்று ஒரு கிழவி முணுமுணுத்தாள். அய்யாவு கையைத் தூக்கி அவளை அடக்கினார். செல்லாயி கேட்டுக்கொண்டே போனாள். பத்துக் கேள்வி, இருபது கேள்வி. விளக்கு வைத்த நேரத்தில் அறுபதைத் தாண்டியிருந்தாள்.

அதன் பிறகுதான் பேச்சு எழுந்தது. கொள்ளிக்குடம் உடைத்தவன் மறுநாள் பால் தெளிக்க வேண்டாமா? தாலி அறுக்காத பொம்பளை மூன்றாம் நாளுக்கு முன்னால் வாசல் தாண்டலாமா? மணியம் தனியாகப் போகட்டும் என்றார்கள் சிலர். மிச்சக் கேள்வியை வழியில்தான் சொல்லிக் கொடுக்க முடியும், ஒரு ராத்திரியில் அவன் தலையில் ஏறாது என்றாள் செல்லாயி. அதைச் சொன்னபோது அவள் குரல் அரிசி விலை சொல்கிறவள் குரல்போல இருந்தது.

“பால நான் தெளிச்சுக்கிறேன்,” என்றார் அய்யாவு. “ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

விடியற்காலையில் கிளம்பினார்கள். செல்லாயி முன்னால், மணியம் பின்னால். அவன் பாதியை மறந்திருந்தான். அவள் கோபப்படவில்லை. மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினாள். ஆறாங்கட்டைப் பாலத்தில் மணியம் நின்றுவிட்டான். சுவரையும் கீழே கிடந்த மண்ணையும் பார்த்துக்கொண்டு நின்றான். செல்லாயி நிற்கவில்லை. இருபது அடி போன பிறகு அவள் குரல் மட்டும் திரும்பி வந்தது.

“மொத்தம் பதினொண்ணு. மெட்ராஸ், பம்பாய், வங்காளம். அடுத்தது என்னா?”

அவன் ஓடி வந்து சேர்ந்துகொண்டான்.

பரீட்சை ஒரு பழைய பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஜூலியஸ் சொன்னதுபோலவே வாசலில் மேசை போட்டு ஒருவர் பேர் சேர்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி போட்ட மனிதர், மரியாதையாகப் பேசினார். அ. மணியம் என்று எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பினார். மணி அடித்தது. கதவைச் சாத்தினார்கள்.

எதிரே ஒரு மரத்தடியில் ஏழெட்டுப் பெண்கள் காத்திருந்தார்கள். செல்லாயியும் போய் உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவள் ரோசம்மா என்று பேர் சொன்னாள். பாலிங்கிலிருந்து முந்தாநாளே வந்து உறவுக்காரர் வீட்டில் தங்கியிருந்தாளாம். அவளுடைய வீட்டுக்காரர் உள்ளே எழுதிக்கொண்டிருந்தார். அவர் படித்த பாடு, நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டு படித்தது எல்லாவற்றையும் நிறுத்தாமல் சொன்னாள். பேச ஆள் கிடைத்ததில் அவள் பயம் கொஞ்சம் குறைந்ததுபோல இருந்தது. நடுவில் செல்லாயியின் கழுத்தைப் பார்த்தாள். மஞ்சள் கயிறு ரவிக்கைக்கு வெளியே கிடந்தது.

“ஒங்க வீட்டுக்காரரும் உள்ளதானாக்கா?”

செல்லாயி அவளைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

“நல்லாப் படிச்சிருப்பாரு?”

“எல்லாம் தெரியும் அவருக்கு,” என்றாள் செல்லாயி. “ஒரு எடத்துல மட்டும் கொஞ்சம் தடுக்கும்.”

“அதெல்லாம் பாஸ் பண்ணிருவாரு லா,” என்று ரோசம்மா அவள் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

மறுபடி மணி அடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கதவு திறந்தது. ஆண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் விரலில் ஒட்டிய மையைச் சட்டையில் தேய்த்துக்கொண்டே வந்தார்கள். ரோசம்மா எழுந்து ஓடினாள். மணியம் முதல் பத்துப் பேரிலேயே வந்துவிட்டான். நேரே மரத்தடிக்கு வந்து, கையிலிருந்த சீட்டை விரித்துக் காட்டினான். சிவப்பு முத்திரை இன்னும் காயவில்லை.

“அறுபத்து நாலு எழுதினேன், அண்ணி. சீட்டு குடுத்துட்டாங்க. வெள்ளிக்கெழம நான் போவ வேண்டாம்.”

செல்லாயி எழுந்து நின்றாள். சீட்டை வாங்கவில்லை. அவனைத் தாண்டிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் நாலைந்து பேர் வந்தார்கள். பிறகு இரண்டு பேர். பிறகு கையில் குடையோடு ஒருவர், எதையோ தனக்குள் சொல்லிக்கொண்டே.

“அண்ணி,” என்றான் மணியம். “போவோம்.”

உள்ளே யாரோ பெஞ்சுகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. காவல்காரர் வெளியே வந்து, படியில் நின்று, இரண்டு பக்கமும் ஒரு முறை பார்த்துவிட்டு, கதவின் ஒரு பலகையைச் சாத்தினார். பிறகு மற்றதையும் சாத்தினார்.