விசிலக்காவின் திருத்தம்

தொகுதிக்கே அவள் விசிலக்காதான். சட்டமன்ற உறுப்பினர் ஆவதற்கு முன்பு பஸ் கண்டக்டராக இருந்தவள். ஊர்வலத்தில் கோஷம் போட ஒரு தொண்டை வேண்டுமென்று கட்சி அவளைக் கொண்டுவந்தது. தொண்டைக்கு மேலே ஒரு தலையும் இருக்கும் என்று யாரும் யோசிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை, டயர் கடைக்கு மேலிருந்த அவளுடைய அலுவலகத்துக்கு நாத்தனார் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள். ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள். நீலச் சீருடையில் பினாயில் வாசம் வீசியது.

"அண்ணி, விடியக்கால வண்டிய நிறுத்தப் போறாங்களாமே?"

"யாரு சொன்னா?"

"டிரைவரே சொன்னாரு. வண்டி காலியா ஓடுதாம். தினம் ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு வர்றேன், அது காலியாம். நேரத்துக்கு வார்டுல இல்லன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க. பிள்ளைங்கள வச்சுக்கிட்டு நான் எங்க போவேன்?"

விசிலக்காவுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அந்த வண்டியில் வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் துப்புரவுப் பெண்கள், மாத பாஸ்காரர்கள். பாஸுக்கு டிக்கெட் கிழிப்பதில்லை. டெப்போ கணக்கில் ஏறுவதோ கிழித்த டிக்கெட் மட்டும். அப்படிப் பார்த்தால் மூச்சுமுட்டுகிற வண்டிகூடக் காற்று வாங்கத்தான் செய்யும். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, ஆள் வராத தடங்களை நிறுத்தலாம் என்று ஒரு சட்டம் வெள்ளிக்கிழமை சபைக்கு வருகிறது. கொண்டுவருவது அவளுடைய சொந்தக் கட்சி.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறு," என்றாள்.

செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து ஒரு திருத்தம் எழுதினாள். பாஸில் வருகிறவர்களையும் ஆளாக எண்ண வேண்டும், அவ்வளவுதான். போக்குவரத்து அமைச்சர் படித்துப் பார்த்து, நியாயம்தான், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றார். அடுத்த வருஷம் என்பது அந்தக் கட்டடத்தில் குப்பைக்கூடைக்கு இன்னொரு பெயர்.

புதன்கிழமை, கொறடா அவளைக் கேன்டீனில் பிடித்தார். கட்சி உறுப்பினர்கள் எதற்கு எப்படி ஓட்டுப் போட வேண்டும் என்று உத்தரவு போடுகிறவர் அவர். கேன்டீன் இருப்பது அடித்தளத்தில். அங்கே சுவரிலிருந்த வாக்கெடுப்பு மணி ஊமையாகி மாசக்கணக்காகிறது. அதைப் பழுதுபார்க்கச் சொல்லி அவள் மனு கொடுத்தபோது, "கண்டக்டர் புத்தி மணியிலேயே நிக்குது" என்று சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்தவரும் இவரேதான்.

"அந்தத் திருத்தத்த வாபஸ் வாங்கிடும்மா. நமக்கு இருக்கறதே நூலிழை மெஜாரிட்டி. அடுத்த தேர்தல்ல சீட்டு வேணுமா, வேணாமா?"

"நின்னுக்கிட்டே வேலை பாத்தவ நான். சீட்டக் காட்டி என்னைப் பயமுறுத்த முடியாதுங்க."

"திமிரு."

"ஆமாங்க. கொஞ்சம் ஜாஸ்திதான்."

வாய் அப்படிச் சொல்லிவிட்டதே தவிர, பயம் விடவில்லை. வியாழக்கிழமை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை.

"என் தங்கச்சி ஒருத்திக்காக நீ இருக்கறத விட்றாத," என்றான் கணவன்.

"ஒருத்தியா? வண்டி நிறைய ஆளுங்க. அத்தன பேரையும் இல்லவே இல்லன்னு எழுதி வச்சிருக்காங்க. எனக்குக் கோவம் வராதா?"

அவன் அவள் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டான்.

அந்தச் சபையில் பெரும்பாலும் குரல் ஓட்டுதான். ஆம் என்று ஒரு பக்கம் கத்த, இல்லை என்று மறுபக்கம் கத்த, எந்தச் சத்தம் பெரிது என்று அவைத் தலைவர் சொல்வதே தீர்ப்பு. திருத்தம் கொண்டுவந்தவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் மட்டும் மணியடித்து, கதவைச் சாத்தி, எண்ணி முடியும்வரை திறக்காமல், தலையை எண்ண வேண்டும். அதற்கும் அவர் குரல் தலைவர் காதில் விழ வேண்டுமே. வெள்ளிக்கிழமை கொறடா அவளுடைய மைக்கை அணைக்க ஏற்பாடு செய்துவிட்டு, நிம்மதியாகத் தன் ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கேன்டீனுக்கு இறங்கிவிட்டார். கத்துவதற்கு மிச்சமிருந்தவர்களே போதும்.

"இல்லை" என்று கூரை அதிர்ந்தது. திருத்தம் தோற்றது என்று சொல்லத் தலைவர் வாயெடுத்தார். விசிலக்கா எழுந்தாள். மைக்கில் உயிரில்லை. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. பின்படியில் தொங்குகிறவனை முன்வாசலில் நின்றபடியே உள்ளே ஏற்றிய தொண்டைக்கு மைக் எதற்கு?

"தலைய எண்ணுங்க ஐயா."

வெளி வாசலில் நின்ற காவலரே திரும்பிப் பார்த்தார். காதில் விழவில்லை என்று சொல்லத் தலைவருக்கு வழியில்லை. மணி கேன்டீனைத் தவிர எல்லா இடத்திலும் அடித்தது. கதவுகளைச் சாத்தினார்கள். திருத்தத்துக்கு ஆதரவாக எதிர்க்கட்சி வரிசைகள் எழுந்து நின்றன. இந்தப் பக்கம் அவள் ஒருத்திதான் நின்றாள்.

எண்ணிக்கொண்டிருக்கும்போதே கதவு தடதடவென்று ஆடியது. "திறங்கய்யா, நான்தான்," என்று கொறடாவின் குரல் கேட்டது. உள்ளே கதவருகே நின்ற அவைக் காவலர் தலைவரைப் பார்த்தார். தலைவர் விதிப்புத்தகத்தைப் பார்த்தார்.

"விசில் அடிச்சாச்சு," என்றாள் அவள். "இனி வண்டி நிக்காது."

திருத்தம் நிறைவேறியது. பொழுது சாய்வதற்குள் கட்சி அவளை நீக்கியது; இனி சீட்டு கிடையாது, உறுப்பினர் பதவி மட்டும் அடுத்த தேர்தல் வரை மிச்சம். நெஞ்சு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டாள்.

சட்டம் அமலுக்கு வந்த அன்று விடிவதற்கு முன்னால் போய் நிறுத்தத்தில் நின்றாள். வண்டி பிதுங்கிக்கொண்டு வந்தது. அவள் ஏறியதும், அன்றைக்கு அதிசயமாக உட்கார இடம் கிடைத்திருந்த நாத்தனார் எழுந்தாள்.

"உக்காருங்க அண்ணி. உங்க சீட்டத்தான் பிடுங்கிட்டாங்களே."

"நீ உக்காரு. நாள் பூரா நின்னு துடைக்கப் போறவ நீ."

புதுக் கண்டக்டர் ஒரு பெண். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, ஒவ்வொரு பாஸாகப் பார்த்து எழுதிக்கொண்டே வந்தாள். விசிலக்கா, உறுப்பினர்களுக்குத் தரும் இலவசப் பாஸை எடுத்து அவள் முன்னால் நீட்டினாள்.

"நானும் பாஸுதாம்மா. என்னையும் ஒரு ஆளா எழுதிக்கோ."