மூன்று நல்லது, ஒரு குறை

குறை கண்டுபிடிப்பதுதான் என் தொழில். மொன்றியலில் ஒரு வீடியோ கேம் கம்பெனியில் பதினேழு வருஷம் டெஸ்டராக இருந்தேன். குதிரை சுவருக்குள் புகுந்து போகிறதா, வீரனின் வாள் அவன் தொடையிலேயே குத்தி நிற்கிறதா, கதவைத் திறந்தால் ஆட்டம் அப்படியே உறைந்துவிடுகிறதா என்று நாள் முழுக்கப் பார்த்து எழுதிக் கொடுத்தவன். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இருநூறு பேரை ஒரே வீடியோ அழைப்பில் கூப்பிட்டு வேலையை விட்டு அனுப்பினார்கள். பேசிய அம்மாள் தன் கேமராவை அணைத்து வைத்திருந்தாள். அவள் காட்டிய ஸ்லைடில் வருஷம் தப்பாக இருந்தது. அதைக்கூட நான் கவனித்தேன், சொல்லத்தான் ஆளில்லை.

என் கவலை என் மகள் மாயெலைப் பற்றித்தான். பதினொரு வயது. ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவள் அம்மாவிடம் இருப்பாள். எங்கள் ஊரில் வாடகை ஒப்பந்தமெல்லாம் ஜூலை ஒன்றாம் தேதிதான் மாறும். வீட்டில் தொடர்ந்து இருக்கப்போகிறேனா, காலி செய்கிறேனா என்று மார்ச் முடிவதற்குள் வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். வேலை இல்லையென்றால் ஐந்து மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிக்கூத்திமிக்கு, என் தம்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். போனால் மாயெலின் வாரங்களும் போய்விடும். இருக்கிறேன் என்று ஒரு கடிதம், காலி செய்கிறேன் என்று ஒரு கடிதம், இரண்டையும் எழுதி ஃபிரிட்ஜின் மேல் வைத்திருந்தேன். அவள் கண்ணில் படாமல் மேலே பழக்கூடையை வைத்து மறைத்தேன்.

மார்ச் முதல் சனிக்கிழமை, பொபியென் தெருவில் இருக்கும் தேவாலயத்தின் கீழ்த்தளத்துக்குப் போனேன். எங்களைப் போல வேலை போனவர்களுக்கு அங்கே வாராவாரம் உதவி செய்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். இலவச உதவி என்றாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல். வாசலில் பூட்ஸ் பனியைத் தட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் என் கையில் காபியைத் திணித்தார். வில்னர் தெரோசியே. ஹெயிட்டிக்காரர், முன்னாளில் பல கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துக் கொடுத்தவர்.

"முகத்தைப் பாத்தாலே தெரியுது, டெஸ்டர்தானே? உள்ள வந்ததும் கூரையில ஒழுகுற இடத்தைப் பாக்குறவன் வேற யாரு? போ, மூணாவது மேசைக்குப் போ."

மூன்றாவது மேசையில் மிரேய் கோத்ரோ இருந்தாள். விளையாட்டுகளில் வரும் உருவங்களுக்கு அசைவு கொடுப்பவள். ஒரு பெரிய கம்பெனியின் பெயர் தைத்த நீல ஜாக்கெட் போட்டிருந்தாள். என் பயோடேட்டாவின் முதல் வரியைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"யானிக் பொல்டுக்கா? என் குதிரையோட பின்னங்காலைப் பத்தி நாப்பத்தோரு ரிப்போர்ட் அனுப்பின புண்ணியவான் நீதானா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் செய்த விளையாட்டு அது. அவள் வேறு மாடியில் இருந்தாள், நேரில் பார்த்ததே இல்லை.

"நாப்பத்திரெண்டு. ஒண்ணை ஏத்துக்காம திருப்பி அனுப்பிட்டாங்க," என்றேன்.

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குள் மூன்று நேர்காணல்களில் தோற்றிருந்தேன். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. மிரேய் முதலாளி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க கேம் விளையாடியிருக்கியா? எப்படி இருக்கு?" என்று கேட்டாள். நான் வழக்கம்போல் ஆரம்பித்தேன். இரண்டாம் கட்டத்தில் நிழல் தப்பாக விழுகிறது, படகில் ஏறினால் தொப்பி காணாமல் போகிறது, அப்புறம் உன் கேள்வித்தாளில் நாலாம் எண் இரண்டு தடவை வருகிறது.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"அட கடவுளே. மூணு இடத்துலயும் இதையேதான் சொன்னியா?"

"உண்மையைத்தானே சொன்னேன்?"

"புதுசா பிறந்த குழந்தையப் பாக்கப் போயி, காது கோணலா இருக்குன்னு சொல்லிட்டு வருவியா நீ? இங்க பாரு. இனிமே வாயைத் திறந்தா முதல்ல மூணு நல்லது. அதுக்கப்புறம் ஒரே ஒரு குறை. ரெண்டாவது குறை வந்தா காபி கிடையாது."

டெஸ்டர்கள் குறை எழுதும் படிவத்தில் நல்லதுக்கு இடமே கிடையாது. என்ன செய்தாய், என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது, அவ்வளவுதான். பதினேழு வருஷம் அந்தப் படிவத்துக்குள்ளேயே உட்கார்ந்திருந்துவிட்டேன். நாலு சனிக்கிழமை அவள் என்னைப் பிழிந்து எடுத்தாள். டோனட்டைப் பற்றி மூன்று நல்லது சொல், இந்தக் கீழ்த்தளத்தைப் பற்றிச் சொல், வில்னரின் டையைப் பற்றிச் சொல். டைக்கு இரண்டுக்கு மேல் வரவில்லை. அதற்கு வில்னர் அரை மணி நேரம் என்னோடு பேசவில்லை.

பஸ் ஓட்டுநர்களுக்குத் திரையிலேயே ஓட்டப் பழக்கும் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனி இருக்கிறது. அங்கே இருக்கும் தன் பழைய தோழிக்கு மிரேய்தான் போன் போட்டாள். ஒரு தடவை இல்லை, ஆறு தடவை. மார்ச் இருபத்தாறாம் தேதி நேர்காணல். "எங்க கருவி எப்படி?" என்று கேட்டார்கள். வாய் வரைக்கும் வந்த பதினொரு குறைகளை விழுங்கிவிட்டு, பிரேக் மிதிக்கும்போது உடம்பு நிஜமாகவே முன்னால் சாய்கிறது என்று ஆரம்பித்தேன். முப்பதாம் தேதி வேலை என் கைக்கு வந்தது. காலி செய்கிறேன் என்ற கடிதத்தைச் சுக்குநூறாகக் கிழித்தேன். சமையலறையில் நின்று அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. மாயெல் பள்ளியிலிருந்து வந்து, பழக்கூடை ஏன் இடம் மாறியிருக்கிறது என்று கேட்டாள். குறை பார்ப்பதில் அவள் என் மகள்தான்.

அடுத்த சனிக்கிழமை, சர்க்கரையும் பாலேடும் வைத்துச் சுட்ட எங்கள் ஊர் இனிப்பு அடை ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். மிரேய் அதில் ஒரு துண்டை வெட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"நன்றியெல்லாம் வேணாம். இனிமே மேசைக்கு இந்தப் பக்கம் வந்து உக்காரு."

உட்கார்ந்தேன். எங்கெங்கே வேலை காலியாக இருக்கிறது என்ற பட்டியலைச் சரிபார்க்கும் பொறுப்பை எனக்குக் கொடுத்தார்கள். எல்லோரும் அவரவர் வீட்டுக் கணினியிலிருந்து எழுதும் பொதுப் பட்டியல் அது. யார், எப்போது எழுதினார்கள் என்பதும் அதில் பதிவாகும். இரண்டே நாளில் ஒரு குறை கண்டுபிடித்தேன். மிரேயின் பதிவுகளில் நேரம் தப்பாக இருந்தது. செவ்வாய் காலை பத்தே கால், புதன் மதியம் இரண்டரை, வியாழன் பதினொன்று. அந்த நீல ஜாக்கெட் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள் அந்த நேரத்தில் எப்படி எழுத முடியும்? கடிகாரம்தான் கெட்டிருக்க வேண்டும். நவம்பர் வரைக்கும் பின்னால் போய்த் தேடி, ஒரு பதிவு விடாமல் வரிசைப்படுத்தி, அழகான ரிப்போர்ட் எழுதி, உதவி செய்யும் பதினொரு பேருக்கும் அனுப்பினேன். மூன்று நல்லது எழுத மறந்துவிட்டேன்.

சனிக்கிழமை உள்ளே நுழைந்தபோது யாரும் யாரையும் பார்க்கவில்லை. மிரேய் காபிப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"கடிகாரத்துல ஒண்ணும் தப்பில்ல யானிக். நவம்பர்ல இருந்து நான் வீட்லதான் இருக்கேன்."

நீல ஜாக்கெட்டை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். கையெல்லாம் நூல் பிரிந்திருந்தது. கூரை ஒழுகுவதைப் பார்த்த என் கண்ணில் இது படவே இல்லை.

"ஏன் சொல்லல?" என்றார் வில்னர்.

"வேலையில்லாதவ சொல்ற யோசனைய யாரு கேப்பா? உங்க எல்லாருக்கும் நம்பிக்கையா ஒரு ஆளு வேணும்ல."

எனக்காக ஆறு தடவை போன் போட்ட நாட்களில் அவளும் வேலை தேடிக்கொண்டிருந்தாள். நன்றி ஒரு பக்கம், அத்தனை பேர் முன்னால் அவளை இப்படி நிறுத்திவிட்டேனே என்ற வெட்கம் ஒரு பக்கம்.

வில்னர் மூன்றாவது மேசையின் மறுபக்கம், உதவி தேடி வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியைத் தரதரவென்று இழுத்தார்.

"உக்காரும்மா. பயோடேட்டாவ எடு. டேய் டெஸ்டர், நீதானே இழுத்து விட்ட, நீயே பாரு."

அவள் உட்கார்ந்தாள். இரண்டு தாள்களை மேசையில் வைத்து, கையால் மூடிக்கொண்டாள்.

"சீக்கிரம் சொல்லு. எத்தனை குறை?"

நான் தாளைப் பார்க்கவில்லை.

"முதல் நல்லது. அந்தக் குதிரை. நாப்பத்திரெண்டு ரிப்போர்ட் எழுதணும்னா எத்தனை தடவை அது ஓடுறதைப் பாத்திருப்பேன்? மழையில அது தலையச் சிலுப்பிக்கிட்டு நிக்குமே, அதைப் பாக்குறதுக்காகவே வேலை முடிஞ்சப்புறமும் உக்காந்திருப்பேன். அதை எழுத எங்க படிவத்துல இடம் இல்ல. அதான் உனக்குத் தெரியாமப் போச்சு."

அவள் கையை எடுத்தாள்.

"ரெண்டாவது. என் வீட்டு ஒப்பந்தம். இன்னும் ஒரு வருஷம்."

"அது என் பயோடேட்டால எங்கயும் இல்லியே."

"இப்ப இருக்கு. மூணாவது, மாயெல் இந்த வாரம் என்கிட்ட இருக்கா. நான் கிளம்பும்போது அவ ரூம்ல தூங்கிக்கிட்டிருந்தா."

மிரேய் ஜாக்கெட் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"குறை?" என்றாள்.

"ஒண்ணே ஒண்ணு. இந்த நாற்காலியில நீ நவம்பர்லயே வந்து உக்காந்திருக்கணும்."

பிறகு அவள் தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டு, வில்னரிடம் போனைக் கேட்டேன். நான் சேர்ந்த பஸ் கருவிக் கம்பெனிக்கு ஓட்டுநர் உருவங்களை அசைக்க ஆள் தேவை என்று வியாழக்கிழமைதான் காதில் விழுந்திருந்தது. மணி ஒன்பதே முக்கால். மிரேயின் அந்தப் பழைய தோழிக்கு முதல் தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை. இன்னும் ஐந்து தடவை பாக்கி இருந்தது.