புத்தகத்துல அவருக்குப் பேர் சோம்

ஆராய்ச்சின்னு யார் வந்தாலும் எங்க கோக் ஹின் ஊர்ல முதல்ல கை காட்டுறது என் வீட்டைத்தான். பஸ்ஸை விட்டு இறங்க வேண்டியதுதான், நூடுல்ஸ் கடைக்காரி சொல்லிடுவா: "புவாலை வீட்டுக்குப் போங்க, அவளுக்குத்தான் வாய் ஓயாது." ஒருத்தன் வந்து என் வீட்டைச் சுத்தி எத்தனை ஆவி இருக்குன்னு கேட்டான். ஒருத்தி வந்து, ஓட்டுக்குக் காசு வாங்கினீங்களான்னு கேட்டா. வாங்கினேன், ஆனா கொடுத்தவனுக்குப் போடலைன்னேன். புதையல் கிடைச்ச மாதிரி பூரிச்சுப்போய் எழுதிக்கிட்டா. ஒரு வெள்ளைக்காரன் நான் ஒட்டுச்சோறு உருட்டித் தின்கிறதை வீடியோ எடுத்துக்கிட்டுப் போனான். எல்லாருக்கும் சோறு போட்டேன். புளிச்ச மீன் வாடைக்கு மூக்கைப் பொத்தினவங்களுக்கும் போட்டேன்.

எதுக்குப் போட்டேன்? சும்மாவா? யாராவது ஒருத்தர் என் புருஷன் பேரை அச்சுல போட மாட்டாங்களான்னுதான்.

அவர் பேரு புன்தோம். பட்டாளத்துக்காரங்க யாரைப் பார்த்தாலும், காட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்த கம்யூனிஸ்ட்காரங்களுக்கு அரிசி கொண்டு போறவன்னு சந்தேகப்பட்ட காலம் அது. எங்க பொண்ணு பிகுன் அப்பதான் தவழ ஆரம்பிச்சிருந்தா. இவர் ஊர்க் கூட்டத்துல எழுந்து நின்னு, நம்ம பொதுக்காட்டு மரமெல்லாம் யாரோட லாரியில போகுதுன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டார். கம்னான் பின்யோ சிரிச்சார். சுத்துவட்டாரத்து ஊருங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர், கம்னான். அந்த வாரமே அவர் வண்டி என் வாசல்ல வந்து நின்னுச்சு. தாலுகா ஆபீஸ்ல ஒரு கையெழுத்துப் போடணுமாம். சலவைச் சட்டை போட்டு அனுப்பினேன். பாவி நான், மதியத்துக்குச் சோறு வேற கட்டிக் கொடுத்தேன்.

வண்டி திரும்பி வந்துச்சு. ஆள் வரலை. கேட்டா, வழியில இறங்கி ஓடிட்டான், தெற்குல ரப்பர் தோட்டத்துல எவளோ ஒருத்தியோட இருக்கான்னு கம்னான் சொன்னார். கம்னான் சொன்னா ஊரே சொல்லும். நாலு மாசத்துல அந்தப் பொம்பளைக்கு மூக்கு முழியெல்லாம் வரைஞ்சு கொடுத்துட்டாங்க. சுரின் ஜில்லாக்காரியாம், நல்ல சிவப்பாம். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல அதைக் கேட்டுத்தான் வளர்ந்தா. அழுதுகிட்டே வந்து என்னைக் கேப்பா, அப்புறம் அழாம கேட்டா, அப்புறம் கேக்கிறதையே விட்டுட்டா. இப்ப ஊராட்சி ஆபீஸ்ல வேலை பார்க்கிறா. அங்க தலைவர் யாருங்கிறீங்க? கம்னானோட மகன்.

ஓடிப்போனவன் பொண்டாட்டின்னு என்னைச் சொல்றதைக்கூட நான் துடைச்சுப் போட்டுடுவேன். என் வயித்தெரிச்சல் வேற. சோங்க்ரான் புதுவருஷத்துக்கு ஊரே செத்தவங்களோட எலும்புச் சிமிழைத் தூக்கிக்கிட்டு விகாரைக்கு வரும். எலும்பு கிடைக்காதவங்களுக்கு ஒரு தாள்ல பேரை எழுதி வைப்பாங்க. பிக்குங்க பேரை வாசிச்சு, ஓதி, தாளைக் கொளுத்துவாங்க. புண்ணியம் அந்தப் பேருக்குப் போய்ச் சேரும். புன்தோம் பேரை எழுத விடமாட்டேங்கிறா என் பொண்ணு. "உயிரோட இருக்கிறவன் பேரைக் கொளுத்தினா வீட்டுக்கு ஆகாதும்மா"ங்கிறா. பெரிய பிக்குவும், இருக்கிற ஒரே வாரிசு ஒத்துக்காம நான் எப்படிச் செய்யறதுன்னுட்டார். வருஷா வருஷம் ஊரான் வீட்டுப் பேரெல்லாம் புகையாப் போகும். என் வீட்டு ஆளு மட்டும் எங்க பசியோட அலையறாரோன்னு நான் கையைப் பிசைஞ்சுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அப்பதான் வரன்யா வந்து சேர்ந்தா. பாங்காக்கு யூனிவர்சிட்டிப் பொண்ணு, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவ. செத்தவங்களுக்குச் செய்யற புண்ணியத்துக்கும் அரசாங்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு ஆராய்ச்சி. ஒரு வருஷம் என் வீட்டுலயே தங்கினா. நல்ல பொண்ணு, இல்லேன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். நாத்து நட வந்தா, வயல்ல குப்புற விழுந்தா, என்னோட சேர்ந்து பப்பாளிக்காய் இடிச்சா, என்னை "அம்மா, அம்மா"ன்னா. ஊருக்கு ஊர் போகக் கம்னான் வீட்டுலதான் மோட்டார் சைக்கிள் கொடுத்தாங்க. அந்த வீட்டுலயும் அவளுக்கு வாரம் ஒரு நாள் விருந்து. எனக்கு உறுத்திச்சு. ஆனா கம்னானைப் பகைச்சுக்கிட்டு இந்த வட்டாரத்துல எவ ஆராய்ச்சி பண்ண முடியும்?

மத்தவங்களை மாதிரி கேட்டு எழுதிக்கிட்டுப் போகலை அவ. தேடினா. அன்னிக்கு அந்த வண்டியை ஓட்டின கிழவன் பக்கத்து ஊர்ல படுத்த படுக்கையா இருந்தான். அவன் வாயைத் திறக்க வெச்சுட்டா. போறப்ப நாலு பேரு, திரும்பறப்ப மூணு பேரு, அணைக்கட்டுக் கிட்ட வண்டியை நிறுத்தினாங்க, திரும்பிப் பார்க்காதேன்னு கம்னான் என்கிட்ட சொன்னார்னு அவன் சொல்லியிருக்கான். வரன்யா வந்து சொன்னப்ப நான் அழலை. தெரிஞ்சதுதானே. அந்த மழைக்காலத்துலயே கிழவன் போய்ச் சேர்ந்தான். இனிமே சாட்சின்னு இருக்கிறது இவ எழுதி வெச்சது மட்டும்தான்.

எந்தப் பேரும் வெளிய தெரியாதுன்னு அவகிட்ட ஒரு ஃபாரம் இருந்துச்சு, அதுல என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னா. நான் அவ கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"என் பேரை மாத்திக்கோ கண்ணு. பன்னின்னு வேணும்னாலும் போடு. அவர் பேரை மட்டும் மாத்தாதே. புன்தோம்னு போடு. கோக் ஹின்னு போடு. படிச்சவ எழுதினா என் பொண்ணு நம்புவா."

"போடறேம்மா. சத்தியமா போடறேன்"னா. அவ கண்ணுல தண்ணி நின்னுச்சு.

அதுக்கப்புறம் வருஷம் பல ஓடிப்போச்சு. பட்டம் வாங்கினா, வாத்தியாரம்மா ஆனா, இப்ப எல்லாரும் ஆஜான்னு கூப்பிடறாங்க. போன பங்குனிக் கடைசியில, சோங்க்ரானுக்கு முன்னாடி, புத்தகத்தோட வந்தா. சும்மா வரலை. விகாரை மண்டபத்துல விழாவாம், பந்தலாம், ஒலிபெருக்கியாம். பெரிய பிக்குவுக்கு ஒரு புத்தகம். சக்கர நாற்காலியில உக்காந்திருந்த கம்னானுக்கு ஒரு புத்தகம், மல்லிகை மாலையோட. அவ மண்டி போட்டுக் கொடுத்தா, கம்னான் அவ தலையைத் தடவினார். கிழவருக்கு இப்பல்லாம் நினைவு வருது போகுது, அன்னிக்குன்னு பார்த்து நல்ல சிரிப்பு. எனக்கும் ஒண்ணு கொடுத்து, கட்டிப்பிடிச்சுக்கிட்டா. நான் படிச்சது நாலாம் வகுப்பு. அவர் பேரை மட்டும் எந்த எழுத்துல பார்த்தாலும் கண்டுபிடிச்சிடுவேன். ஒவ்வொரு பக்கமா விரலை வெச்சு ஓட்டினேன். இல்லை.

வீட்டுக்கு வந்து பிகுன் கையில கொடுத்து, படிடீன்னேன். அவ படிச்சா. ஆபீஸ்காரி, சரசரன்னு படிப்பா. நாதோங்னு ஒரு ஊராம். அதுல சோம்னு ஒரு ஆளாம். கூட்டத்துல எழுந்து கேள்வி கேட்டானாம். ஊர்ப் பெரிய மனுஷர் ஒருத்தரோட வண்டியில ஏத்திக்கிட்டுப் போனாங்களாம். அணைக்கட்டுல வண்டி நின்னுச்சாம். சட்டை, சோத்துப் பொட்டலம், ஒண்ணு விடாம இருந்துச்சு. அவ புத்தகத்தை மூடி என் மடியில வெச்சா.

"இது யாரோ சோம்னு ஒருத்தன்மா. ஊரும் நம்ம ஊரில்ல. இதைக் காட்டியா என்னை நம்பச் சொல்ற?"

அதோட விட்டாளா? முன்னாடி ஒரு பக்கத்தைத் திருப்பினா. அதுல நன்றி எழுதியிருந்துச்சு. கம்னான் பின்யோ, குடும்பப் பேரு, ராஜா வீட்டுல கொடுத்த பட்டம், எங்க தாலுகா, எங்க ஜில்லா, எல்லாம் ஒரு எழுத்து பிசகாம. தன்னைப் பெத்த மகள் மாதிரி பார்த்துக்கிட்டவராம். அவர் இல்லேன்னா இந்தப் புத்தகமே இல்லையாம். கம்னான் மகன் அந்தப் பக்கத்தைப் பெரிசாக்கி, சட்டம் போட்டு, ஊராட்சி ஆபீஸ்ல மாட்டப் போறான்னு பிகுன் சொன்னா. அது ஒண்ணுதான் புத்தகத்துலயே நிஜப் பேரு இருக்கிற பக்கம்.

வரன்யா தங்கியிருந்த விருந்தாளி விடுதிக்கு நேராப் போனேன். எழுந்து வந்து என் கையைப் பிடிச்சா, உதறினேன். யூனிவர்சிட்டி கமிட்டி ஒத்துக்கலைம்மா, ஊர்ப் பேரு ஆள் பேரு எல்லாத்தையும் மாத்தித்தான் ஆகணும், உங்க பாதுகாப்புக்குத்தான், கம்னான் இன்னும் உயிரோட இருக்கார், மகன் பதவியில இருக்கான், கேஸ் போட்டுடுவாங்கன்னு அடுக்கிக்கிட்டே போனா. பொய்யில்லை. அவ சொன்ன ஒவ்வொண்ணும் நிஜம்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிஞ்சது.

"அந்தக் கட்டையில போறவன் பேரு மட்டும் எப்படி இருக்கு?"

"அது நன்றிம்மா. நன்றி சொல்ற இடத்துல நிஜப் பேருதான் போடணும். அதுதான் வழக்கம்."

"அப்ப என் புருஷனுக்கும் அங்க ஒரு நன்றி சொல்லியிருக்கலாமே. அவரு சாகலேன்னா உனக்கு ஏதுடி பட்டம்?"

அழுதா. விக்கி விக்கி அழுதா. அவளைப் பார்க்கப் பாவமா இருந்துச்சு, அப்படிப் பாவப்பட்டதுக்கு எனக்கு என் மேலயே ஆத்திரமா வந்துச்சு. அடுத்த பதிப்புல பார்க்கிறேம்மான்னா. வந்த வழியே திரும்பிட்டேன். அவளுக்கு வாத்தியார் வேலை இருக்கு, என்ன செய்வா?

சோங்க்ரானன்னிக்கு நானும் விகாரைக்குப் போனேன். பேர் எழுதற மேசைக்கு முன்னாடி எல்லாரும் வரிசையில நிக்கறாங்க. எனக்கு என்ன தோணிச்சோ, பேனாவை வாங்கி, எனக்குத் தெரிஞ்ச கோணல் எழுத்துல சோம்னு எழுதினேன். பிகுன் எட்டிப் பார்த்தா.

"யாரும்மா இது?"

"புத்தகத்துல செத்தவன். செத்துட்டான்னு டாக்டர் பட்டம் வாங்கினவளே எழுதியிருக்கா. அவனுக்கு யாரும் இல்லை, நான் செய்யறேன். இதுக்கும் ஆகாதுன்னு சொல்லுவியா?"

அவ பேனாவை வாங்கி மேசையில வெச்சா. பெரிய பிக்குவும் தாளை வாங்கி மத்ததோட வெச்சுக்கிட்டார். யாரோ சோமுக்கு எந்த வாரிசு வந்து வேண்டாம்னு சொல்லப் போறான்?

பேரெல்லாம் வாசிச்சாங்க. ஒவ்வொரு பேருக்கும் கூட்டம் கை கூப்பி "சாது"ன்னுச்சு. முன் வரிசையில கம்னான், பக்கத்துல விசிறிக்கிட்டு மகன். புத்தகம் வந்ததுலேர்ந்து தினமும் அதைப் படிக்கச் சொல்லிக் கேக்கிறாராம், அவ்வளவு பெருமையாம். சோம்னு பிக்கு வாசிச்சார். நான் கண்ணை மூடினேன். மனசுக்குள்ள சரியான பேரைச் சொல்லிக்கலாம்னு பார்த்தேன்.

"சோம் இல்லைய்யா. புன்தோம்."

கம்னான் குரல். கணக்குல பிழை திருத்தற மாதிரி, கோபமே இல்லாம, ஒலிபெருக்கி மைக் பக்கத்துல இருந்ததால மண்டபம் பூராவும் கேட்டுச்சு. "அந்த அணைக்கட்டு ஆளு. அவன் பேரு புன்தோம். சரியா வாசிங்க."

பெரிய பிக்குவோட கையில தாள் அப்படியே நின்னுச்சு. எனக்குத் தெரிஞ்ச முகங்கதான் எல்லாம். சுரின்காரிக்கு மூக்கு முழி வரைஞ்ச முகங்க. ஒருத்தி சிமிழைத் துடைச்சா. ஒருத்தன் செருப்பைத் தேடினான். கம்னான் மகன் நாற்காலியைத் திருப்பி, அப்பாவுக்கு வெயில் ஒத்துக்கலைன்னு சொல்லிக்கிட்டே தள்ளிக்கிட்டுப் போனான். பிக்கு தொண்டையைச் செருமிக்கிட்டு அடுத்த பேரை வாசிச்சார். அந்தப் பேருக்கு எல்லாரும் சத்தமா "சாது"ன்னாங்க. தாளெல்லாம் எரிஞ்சுச்சு, சோமும் எரிஞ்சான்.

நான் பிகுனையே பார்த்துக்கிட்டிருந்தேன். அவ முகம் வெளுத்துப்போயிருந்துச்சு. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துலேர்ந்து வருவாளே, அந்த முகம். அவ நம்பிட்டா. இத்தனை வருஷமா நான் தொண்டைத்தண்ணி வத்தச் சொல்லியும், புத்தகமே வந்தும் நம்பாதவ, அந்த ஒரு வார்த்தையில நம்பிட்டா. வீடு வர்ற வரைக்கும் என் கையை விடலை. அவ உள்ளங்கை ஈரமா இருந்துச்சு. வாசல்ல கால் கழுவறப்ப, அப்பா என்ன கலர் சட்டை போட்டுக்கிட்டுப் போனார்னு கேட்டா. நீலம்னேன். அடுத்த சோங்க்ரானுக்கு அவர் பேரை நீயே உன் கையால எழுதுடீன்னேன்.

கால்ல தண்ணியை ஊத்திக்கிட்டே குனிஞ்சுகிட்டிருந்தா. நிமிராமயே பேசினா.

"சோம்னே எழுதும்மா. நான் நாளைக்கு ஆபீஸுக்குப் போகணும்."