வேகத்தடை மேல் ஒரு குறட்டை

எங்கள் தெரு வேகத்தடைகள் ஒவ்வொன்றும் ஒரு குட்டி மலை. உச்சியில் வண்டியை நிறுத்திப் பார்த்தால் கடல் தெரியும் என்று சொல்பவர்களை நான் மறுப்பதில்லை. அந்த மலைத்தொடர் முழுவதையும், என்னைவிடக் கொஞ்சமே இளைய என் காரில், குறட்டை விட்டுக்கொண்டே தாண்டினாள் என் மனைவி. நம்பவில்லையா? ரொம்ப சந்தோஷம். என் மச்சினனும் முதலில் நம்பவில்லை. அவன் பல் டாக்டர். யாராக இருந்தாலும் வாயைத் திறந்து காட்டினால்தான் நம்புவான்.

காருக்கு நான் வைத்த பெயர் மகாராணி. மனைவி வைத்த பெயர் தகர டப்பா. அவளுக்கு முதுகில் ஆபரேஷன் முடிந்து, உடம்பு குலுங்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் எச்சரித்து அனுப்பிய அன்று, மகாராணியில்தான் வீட்டுக்கு அழைத்து வந்தேன். முன் சக்கரங்களைத் தாங்குகிற பாகங்கள் எல்லாம் தேய்ந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் 'கடக் முடக்' என்றன. ஒவ்வொரு கடக்குக்கும் அவள் ஒரு "அம்மா!" சொன்னாள். வாசலில் இறங்கிக் கதவைச் சாத்தியவள், "இனிமே இதுல நான் ஏறினா என்னன்னு கேளுங்க" என்றாள்.

அன்றிலிருந்து என் பக்கத்து சீட்டில் காய்கறிப் பைதான் வந்தது. அதற்கு பெல்ட்கூடப் போட்டுவிட்டேன். ஆனால் என்ன பிரயோஜனம்? "மெதுவா போங்களேன்" என்று ஒரு தடவையாவது அந்தப் பை சொல்லியிருக்குமா?

மச்சினன் வந்து தீர்ப்பு சொன்னான். "அத்தான், ஆடுற பல்லுக்கு சிமெண்ட் வெக்க மாட்டோம். பிடுங்கிடுவோம். என் ஃபிரெண்டு ஒருத்தர் சனிக்கிழமை வந்து வண்டியை விலைக்கு எடுத்துக்கறேன்னார். குடுத்துருங்க."

"சனிக்கிழமைக்குள்ள நானே எல்லாத்தையும் மாத்திடறேன். உங்கக்கா ஏறி உக்காந்து, வலிக்குதுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லட்டும், சாவியை உன் கையிலயே குடுத்துடறேன்."

"நீங்களா? அத்தான், நீங்க லிஃப்ட் மெக்கானிக். அது மேல கீழ போறது. இது முன்னாடி பின்னாடி போறது. வித்தியாசம் தெரியுமில்ல?"

ஆமாம், ஓய்வு பெறும்வரை லிஃப்ட்தான் எனக்குச் சோறு போட்டது. என் கையால் மேலே போகாத ஆளே இந்த ஊரில் கிடையாது. உயிரோடுதான்.

புது ஷாக் அப்சார்பர்கள் ஸ்பிரிங்கோடு சேர்ந்தே வந்தன. சக்கரத்தைப் பிடித்துக்கொள்கிற இரும்புக் கைகளும் வந்தன; அவற்றின் மூட்டில் கொழுகொழுவென்று புது ரப்பர். ஜாக்கி வைத்து மகாராணியைத் தூக்கி, ஸ்டாண்டுகள் மேல் நிறுத்தி, அடியில் நுழைந்தேன். பழைய ரப்பர் டீயில் ஊறிய பிஸ்கட் போல உதிர்ந்தது. ஒரு போல்ட் மட்டும், பூமி தோன்றிய அன்றே துருப்பிடித்தது போலிருக்கிறது, அசையவே இல்லை. எண்ணெய் விட்டேன், கெஞ்சினேன், திட்டினேன். ஸ்பேனரில் நீளமான குழாயை மாட்டித் தொங்கினேன். கடைசியில் 'டங்!' என்று அது விட்டுக்கொடுத்த சத்தத்தில், மூன்று தெரு தள்ளி ஒருவர் கதவைத் திறந்து "யாரு?" என்று கேட்டாராம்.

புதுசு எல்லாம் மாட்டி, வண்டி அந்தரத்தில் தொங்கும்போதே அத்தனை போல்ட்டுகளையும் என் தொழில் வழக்கப்படி முறுக்கித் தீர்த்தேன். பிறகு இறக்கினேன். இறக்கினால், மகாராணி மூக்கை வானத்துக்குத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள்! தனியே ஓட்டிப் பார்த்தேன். முதல் வேகத்தடையிலேயே என் தலை கூரையை விசாரித்துவிட்டு வந்தது. பழையதே தேவலை.

அது வெள்ளிக்கிழமை. விடிந்தால் சனி. வண்டி போனால் போகட்டும். அந்தப் பக்கத்து சீட்டைப் போகவிட மனசு வரவில்லை.

ஜன்னலிலிருந்து மனைவி பார்த்தாள். "என்னங்க இது, ஈரத் தரையில நடக்கறவ மாதிரி நுனிக்கால்ல நிக்குது?"

கால்! அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லிஃப்ட் பிறந்ததிலிருந்து தொங்கிக்கொண்டே இருப்பது. தொங்கும்போது முறுக்கினால் சரி. கார் காலூன்றி நிற்பதல்லவா? காலைத் தொங்கப்போட்ட நிலையிலேயே கட்டுப் போட்டுவிட்டு, எழுந்து நட என்றால் யார்தான் நடப்பார்கள்? பாரம் வந்ததும் ரப்பர் முறுக்கிக்கொண்டு வண்டியை மேலே தள்ளியிருக்கிறது.

மறுநாள் காலையில், முன் சக்கரங்களைக் கனமான பலகைகள் மேல் ஏற்றினேன். வண்டியின் முழு எடையும் சக்கரத்தின் மேலேயே இருக்க, ரப்பர் மூட்டுகளின் போல்ட்டுகளைத் தளர்த்தினேன். மகாராணி 'உஸ்' என்று பெருமூச்சு விட்டுக் கீழே அமர்ந்தாள். சாவி வாங்க வந்த மச்சினனைப் பிடித்து பம்பர் மேல் ஏற்றினேன்.

"குதிடா!"

"வெள்ளைச் சட்டை போட்டிருக்கேன் அத்தான்!"

"சட்டையா குதிக்கப் போவுது? நீ குதி!"

குதித்தான். தெருவே வேடிக்கை பார்த்தது; ஒரு பல் டாக்டர் கார் மேல் ஆடுவதைத் தினமுமா பார்க்க முடியும்? மூட்டுகள் தம் இடம் பார்த்து அமர்ந்ததும், வண்டி நிற்கிற நிலையிலேயே போல்ட்டுகளை மறுபடி முறுக்கினேன். மெக்கானிக் கடைக்குப் போய், சக்கரங்கள் கோணாமல் நேராக ஓடும்படி சரிபார்த்துக்கொண்டும் வந்தேன்.

சாயங்காலம் மனைவி முதுகுக்கு இரண்டு தலையணையோடு ஏறினாள். "வலிச்சா உடனே சொல்லிடுவேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"சொல்லுக்கா, தயங்காம சொல்லு" என்றான் பின் சீட்டிலிருந்து மச்சினன், கையில் போனோடு.

முதல் மலை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டாள். நானும் மூடியிருப்பேன், ஓட்டுகிறவன் என்பதால் விட்டுவிட்டேன். மகாராணி ஏறினாள், இறங்கினாள். கடக் இல்லை, முடக் இல்லை. "அம்மா" இல்லை. இரண்டாவதில் அவள் கைப்பிடியை விட்டாள். அடுத்ததில் ஒரு தலையணையை உருவிப் பின்னால் எறிந்தாள். அது தம்பி முகத்தில் போய் விழுந்தது. "மெதுவா போங்களேன்" என்றாள். என் காதில் தேன் ஊற்றியது போல இருந்தது.

அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பயந்து திரும்பிப் பார்த்தேன். தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருந்தது. ஆபரேஷனிலிருந்து ஒரு ராத்திரிகூட நிம்மதியாகத் தூங்காதவள், வாய் லேசாகத் திறந்து, இயந்திரம் ஓடுவது போல ஒரே சீராக... நான் அவளை எழுப்பாமல் தெருக்கோடியில் வண்டியைத் திருப்பி, அத்தனை மலைகளையும் மறுபடி ஏறி இறங்கி வந்தேன்.

வீட்டு வாசலில் கண்ணைத் திறந்தாள். "வந்துட்டோமா? நான் ஒண்ணும் தூங்கல. சும்மா கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்."

கண்ணாடியில் மச்சினனைப் பார்த்தேன். மடியில் தலையணை, காதில் போன்.

"இல்லப்பா, வண்டி இப்ப விக்கறதா இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தான். "ஏன்னா... அக்கா தூங்கிட்டா. ஆமாம்ப்பா, அந்த வண்டியிலதான். போகும்போதும் வரும்போதும்."

"குறட்டை?" என்றேன்.

"விட்டா அத்தான். நானே கேட்டேன். போதுமா?"