கணக்கில் வராதவர்

கரும்பலகையில் ‘இன்டெரிம்’ என்று எழுதிவிட்டு, அதற்குக் கீழே ‘லிம்போ’வின் கடைசி எழுத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது, மேசைமேல் கவிழ்த்து வைத்திருந்த போன் ஒருமுறை அதிர்ந்து அடங்கியது. கலைமதி திரும்பிப் பார்க்கவில்லை. இலுப்பூரில் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளி, பதினொன்றாம் வகுப்பு, மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய பீரியட். அன்றைய பாடம், இதுவும் இல்லாமல் அதுவும் இல்லாமல் நடுவில் நிற்பதைச் சொல்லும் ஆங்கிலச் சொற்கள். பெண்டிங் ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தாலுகா ஆபீசுக்கு ஒருமுறை போய்வந்த பிள்ளைகூட அதைச் சொல்லிவிடும். லிம்போவுக்குத் தமிழில் என்ன மிஸ் என்று முதல் பெஞ்ச் பெண் கேட்டாள். திரிசங்கு சொர்க்கம் என்று எழுதிக்கொள்ளச் சொன்ன கலைமதி, ஆனால் திரிசங்குவுக்காவது நடுவானத்தில் ஒரு சொர்க்கம் கிடைத்தது, லிம்போவில் இருப்பவருக்கு உட்காரக்கூட இடம் கிடையாது என்று சேர்த்துச் சொன்னாள். அப்படியென்றால் ரிசல்ட் வரும்வரை நாங்களெல்லாம் லிம்போ என்று பின்வரிசையிலிருந்து ஒருவன் சொல்ல, வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள்.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் போனைப் பார்த்தாள். வளைகுடாவிலிருந்து ஒரு மெயில். அவளுக்கு அங்கே யாரையும் தெரியாது. ஆனால் அவள் கணவன் சிவபிரகாஷின் அண்ணன் வெற்றிசெல்வன் அங்கேதான், கடலுக்குள் இருக்கும் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப்போகும் கப்பலில் வெல்டர். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனுக்கு ஆன்லைன் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தது அவள்தான். அவசரத்துக்குத் தொடர்புகொள்ள வேண்டிய மெயில் முகவரி என்ற இடத்தில், வீட்டில் வேறு யாருக்கும் மெயில் இல்லாததால், தன்னுடையதையே போட்டிருந்தாள்.

நான்கு வரிதான். புயல் காற்றில் கப்பல் கவிழ்ந்துவிட்டது. இருந்த பத்தொன்பது பேரில் பதினான்கு பேர் மீட்கப்பட்டார்கள். மூன்று உடல்கள் கிடைத்திருக்கின்றன. திரு. வெற்றிசெல்வன், இன்னும் ‘அன்அக்கவுண்டட் ஃபார்’ என்றிருக்கும் இருவரில் ஒருவர்.

அந்த இரண்டு சொற்களையே அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். மிஸ்ஸிங் என்று எழுதியிருந்தால் காணோம் என்று சொல்லிவிடலாம். காணோம் என்பதில் தேடுகிற ஒரு ஆள் இருக்கிறார், பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஒரு குரல் இருக்கிறது. இதில் அது இல்லை. தலைகளை எண்ணினோம், உயிரோடிருப்பவர் பட்டியலிலும் வரவில்லை, செத்தவர் பட்டியலிலும் வரவில்லை, இரண்டு குறைகிறது, அவ்வளவுதான். இதைப் போய்த் தமிழில் சரண்யா அக்காவிடம் எப்படிச் சொல்வது? டப்பாவை மூடினாள்.

ஊர் நாலு கிலோமீட்டர். அரைநாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ஸ்கூட்டியில் வரும் வழியெல்லாம் வாக்கியத்தைக் கட்டிக்கொண்டே வந்தாள். வாசலில் சரண்யா கடலைச் செடிகளைக் குவித்துப் போட்டுக் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். வெற்றிசெல்வனின் மனைவி, கலைமதிக்கு ஓரகத்தி, ஐந்து வயது மூத்தவள். மாமனார் சேவுகன் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். நேரங்கெட்ட நேரத்தில் அவள் வந்து நின்றதையும் முகத்தையும் பார்த்ததுமே சரண்யா கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டாள்.

கட்டிக்கொண்டு வந்த வாக்கியம் ஒன்றும் வரவில்லை. கப்பல் கவிழ்ந்துவிட்டது, நிறையப் பேரைக் காப்பாற்றிவிட்டார்கள், அத்தானை இன்னும் தேடுகிறார்கள் என்று சொன்னாள். தேடுகிறார்கள் என்று மெயிலில் இல்லை. அவளாகச் சேர்த்தது.

சாயங்காலம் ஓட்டமாக வந்த சிவபிரகாஷ் அந்த மெயிலைத் தன் போனில் மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுப் பார்த்தான். அது ‘கணக்கில் வராத’ என்று காட்டியது. கறுப்புப் பணத்துக்குச் சொல்கிற மாதிரி இருக்கிறதே என்று அவன் குழம்பினான். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர், அங்கே ஏதும் கையாடல் விவகாரமா தம்பி என்று கேட்டுவிட்டார். கலைமதி அவரிடம் பொறுமையாக விளக்கிக்கொண்டிருந்தபோது, அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த சரண்யா திரும்பினாள்.

“கணக்குல வரலேன்னுதானே போட்டிருக்கான்?”

“ஆமாக்கா.”

“தப்பா எண்ணிருப்பாங்க. திரும்ப எண்ணச் சொல்லு.”

சரண்யா எழுந்து போய் மகள் ரம்யாவுக்குத் தோசை ஊற்றினாள்.

அடுத்த நாளிலிருந்து கலைமதிக்குப் போன்தான் உலகம். வகுப்பில் அதைச் சேலை மடிப்பில் செருகிக்கொண்டாள். அது அதிராமலேயே அதிர்ந்தது போலத் தோன்றி, போர்டில் எழுதுவதை நிறுத்தி எடுத்துப் பார்ப்பாள். ஏதோ கடைத் தள்ளுபடிச் செய்தியாக இருக்கும். வீட்டுக்குள் நுழைந்தால் மூன்று பேரும் அவள் முகத்தைத்தான் பார்த்தார்கள். முகத்தைச் சரிசெய்துகொண்டு வருவதற்காகவே தெருமுக்கத்தில் வண்டியை ஒரு நிமிடம் நிறுத்தினாள்.

ஆறாம் நாள் இரண்டாவது மெயில் வந்தது. மோசமான வானிலை காரணமாகத் தேடுதல் ‘சஸ்பெண்ட்’ செய்யப்பட்டுள்ளது. கைவிட்டோம் என்பதற்கு அவர்களிடம் வேறு சொல் உண்டு. அதைப் போடவில்லையே என்று அவள் பிடித்துக்கொண்டாள். நிறுத்தி வைத்திருக்கிறார்களாம் மாமா என்று சொன்னபோது சேவுகன் நாற்காலியிலிருந்து முன்னால் சாய்ந்தார்.

“நிறுத்திட்டானா, நிறுத்தி வச்சிருக்கானா? ரெண்டும் ஒன்னில்ல, ஏத்தா.”

“நிறுத்தி வச்சிருக்காங்க மாமா. காத்து அடங்குனா திரும்பத் தேடுவாங்க.”

திரும்பத் தேடுவார்கள் என்பதும் மெயிலில் இல்லை. ஆனால் மறுநாள் காலை சரண்யா தலைக்கு ஊற்றிப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கலைமதி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். தான் போட்ட ஒரு சொல்லின்மேல் இந்த அக்கா ஏறி நிற்கிறாள். அது எத்தனை நாள் தாங்கும்?

திங்கட்கிழமை இரண்டு பேரும் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினார்கள். கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். வாசலில் மேசை போட்டிருந்த மனு எழுதுகிறவர் ஆத்மநாதன் வயதானவர், கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. சரண்யா, க/பெ என்று எழுதி நிறுத்தினார். கணவர் பெயருக்கு முன்னால் திரு போடவா, லேட் போடவா என்று கேட்டார். கலைமதி விவரத்தைச் சொன்னாள். அவர் பேனாவை மூடாமல் கொஞ்ச நேரம் யோசித்தார். முப்பது வருடமாக எழுதுகிறேன், இந்த இரண்டைத் தவிர மூன்றாவதாக ஒன்று போட்டதில்லையே அம்மா என்றார். பிறகு ஒன்றுமே போடாமல் வெறுமனே வெற்றிசெல்வன் என்று எழுதிக் கொடுத்தார். உள்ளே மனுவை வாங்கிக்கொண்டவர்கள் நல்லபடியாகவே பேசினார்கள். தூதரகத்துக்கு எழுதுவதாகச் சொல்லி ஒரு ரசீது கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் சரண்யா அந்த ரசீதை நாலாக மடித்துக் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். பத்து நாளில் அவள் தூங்கிக் கலைமதி பார்த்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் மூன்றாவது மெயில் வந்தது.

‘பிரிஸ்யூம்ட் டெட்.’ இறந்ததாக அனுமானிக்கப்படுகிறார். கூடவே நிரப்பி அனுப்ப ஒரு படிவம்.

அன்றும் அதற்கடுத்த நாளும் கலைமதி யாரிடமும் சொல்லவில்லை. மெயிலை அழிக்கவும் இல்லை. பள்ளிக் கழிப்பறையில் நின்று அதை எடுத்துப் படிப்பாள். முதல் சொல் இரண்டாவது சொல்லை எவ்வளவு தூரம் தள்ளி நிறுத்துகிறது என்று பார்ப்பாள். சில நேரம் வெகுதூரம் தள்ளி நிறுத்துவது போல இருக்கும். சில நேரம் முதல் சொல் கண்ணுக்கே தெரியாது. வீட்டில் சரண்யா, இன்னைக்கு ஏதும் வந்துச்சா என்று கேட்பாள். ஒன்னும் வரலைக்கா என்று இவள் சொல்வாள். சொன்ன பிறகு சோறு இறங்காது.

மூன்றாம் நாள் காலை சிவபிரகாஷ் அவளைக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, ஏன் இப்படி இருக்கிறாய், ராத்திரியெல்லாம் உளறுகிறாய் என்று கேட்டான். அவளால் அதற்குமேல் முடியவில்லை. மூன்று நாளாக ஒற்றையாகச் சுமந்திருந்தாள்.

“அத்தான் செத்துட்டாங்கன்னு போட்டிருக்கு” என்றாள்.

அவன் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதான். அவள் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணியிடம் இப்போது சொல்லவேண்டாம் என்று இருவரும் பேசிக்கொண்டார்கள்.

பள்ளியில் இரண்டாவது பீரியடில், ஒரு பையனின் நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தபோது, சிவப்புப் பேனா பாதியில் நின்றது. ஒரு வார்த்தையை விட்டுவிட்டான் என்பதற்காக அவனுக்குச் சுழித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் காலையில் தானும் ஒரு வார்த்தையை, அந்த முதல் சொல்லை, விட்டுவிட்டது உறைத்தது. உடனே சிவபிரகாஷுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மதியம் அவனே கூப்பிட்டு, அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அப்பா அன்னவாசல், கீரனூர் ஆட்களுக்கெல்லாம் தகவல் சொல்லிவிட்டார், நாளைக் காலை வந்துவிடுவார்கள் என்றான். கப்பல் கவிழ்ந்து நாளையோடு பதினான்கு நாள். உடம்பு இல்லாததால் தர்ப்பையில் உருவம் செய்து எரித்துவிட்டு, பதினாறாம் நாள் கருமாதியை முடித்துவிடலாம் என்று ஐயரைக் கேட்டாயிற்றாம்.

வீட்டுக்கு வந்தபோது சேவுகன் மரத்தடியில் இல்லை. மாட்டுக் கொட்டகையில், மாட்டின் முதுகில் கை வைத்தபடி நின்றிருந்தார். அவள், மாமா, நான் சொன்னதில் ஒரு வார்த்தை விட்டுப்போச்சு என்று ஆரம்பித்தாள். அவர் திரும்பாமலே கேட்டார். அனுமானம்தான், கண்ணால் யாரும் பார்க்கவில்லை என்று அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

“உசுரோட இருக்கவனுக்குச் செஞ்சா பாவம்” என்றார். “செத்தவனுக்குச் செய்யாம விட்டா, அவன் கஞ்சித் தண்ணியில்லாம அங்கிட்டும் போக மாட்டான், இங்கிட்டும் வர மாட்டான். பதிமூணு நாளா பசிச்சு நிக்கிறானோன்னு எனக்குச் சோறு எறங்கல. நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு.”

அவர் அழுதார் என்பது மாடு தலையைத் திருப்பி அவரைப் பார்த்ததில்தான் தெரிந்தது.

விடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள். விளக்கு வைக்கிற நேரம். உள்ளே சரண்யா மகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போகச் சொல்ல அவள் அப்பா இல்லாத வீடு இது என்று கலைமதிக்குத் தோன்றியது. சிவபிரகாஷை அழைத்து ரம்யாவைக் கூட்டிப்போகச் சொன்னாள். பிறகு சரண்யாவின் எதிரில் தரையில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். இந்த முறை எதையும் சேர்ப்பதில்லை, எதையும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது, மறைத்துவிட்டேன் என்று முதலில் சொன்னாள். முழு மெயிலையும் இங்கிலீஷில் நிதானமாகப் படித்தாள். அப்புறம் தமிழில், வரி வரியாக. அந்தச் சொல்லை மட்டும் இங்கிலீஷில் இன்னொரு முறை படித்துவிட்டுச் சொன்னாள்.

“இறந்துட்டதா எடுத்துக்கிட்டாங்களாம்க்கா.”

சரண்யா மகளின் பென்சிலைச் சீவுகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“எடுத்துக்கிட்டாங்கன்னா, யாரு?”

“கம்பெனிக்காரங்க.”

“பாத்தாங்களாமா?”

“இல்லக்கா. பாக்கல. அதனாலதான் அப்படி எழுதுறாங்க.”

“அப்ப அவுங்க எடுத்துக்கிட்டாங்க” என்றாள் சரண்யா. “நான் எடுத்துக்கலையே.”

கலைமதி பொறுக்கமாட்டாமல் நாளைக்கு வரப்போகிறவர்களைப் பற்றியும் சொன்னாள். கருமாதி பற்றியும், அது தன் வாயிலிருந்து விழுந்துபோன ஒரு வார்த்தையால் வந்தது என்பதையும் சொன்னாள். சரண்யா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது. சரண்யா பென்சிலை டப்பாவில் வைத்து மூடினாள். வருகிறவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு வேன் தெருமுனையில் வந்து நின்றது. இறங்கிய பெண்கள் அங்கேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒருவர் தோளை ஒருவர் பிடித்து, ராசா என்று குரலெடுத்தபடி வந்தார்கள். ஆண்கள் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்னால் நடந்தார்கள். சேவுகன் நாற்காலியிலிருந்து எழ முயன்று, எழாமல், கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருந்தார். கலைமதி கதவருகே நின்றாள்.

உள்ளிருந்து சரண்யா வந்தாள். குளித்து, நெற்றி நிறையக் குங்குமம் வைத்து, தினமும் கட்டுகிற சாதாரணப் பச்சைச் சேலையில் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது. வாசல்படியில் நின்று, துக்க வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லாத அந்த ஒற்றைச் சொல்லைச் சொன்னாள்.

“வாங்க.”

அழுகை ஒவ்வொரு வாயாக நின்றது. கூட்டத்துக்கு முன்னால் வந்த கீரனூர்ப் பெரியம்மா கொண்டையை அவிழ்க்கத் தூக்கிய கையைத் தலையிலேயே வைத்தபடி, ஒரு காலில் செருப்பும் ஒரு கால் வெறும் தரையிலுமாக, சரண்யாவின் நெற்றியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் தெருமுனை வரை, யாரும் அடுத்த அடியை எடுத்து வைக்கவில்லை.